மிஞ்சும் ஒன்று

கொட்டாஞ்சேனை ஆய்வுகூடத்தின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பதினேழாம் நம்பர்க்காரர் நின்றார்.
"தங்கச்சி, ரிப்போர்ட் என்ரதான்.
பேர்தான் என்ர இல்லை."

ஒரு க.
அதன் பின் கேள்விக்குறி அடைத்த கறுப்பு வைரங்கள் இரண்டு.
அதன் பின் ன்ஸ்ரன்ரைன்.
கன்ஸ்ரன்ரைன், கன்ஸ்ரன்ரைன் என்று
இரண்டு தரம் கூப்பிட்டார்களாம்.
ஆரோ என்று இருந்துவிட்டார்.

சீனி நூற்றுப் பன்னிரண்டு. அது சரி.
எண்கள் பிழைப்பதில்லை,
ஓர் எண்ணுக்கு ஒரு பைட் போதும்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.
சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து
என் தாளிலேயே திருத்தினார்:
முதலில் கொம்பு.
பிறகு க.
பிறகு கால்.
"கொம்பும் காலும் இல்லாமல்
டொக்டரிட்டப் போகேலுமே?"

வெள்ளவத்தையில், சாறிக்கடைக்கு மேலே, மூன்றாம் மாடி.
வகுப்பைத் திறந்து வைத்திருக்கிறேன்.
உள்ளீட்டு ஓடை, வெளியீட்டு ஓடை.
விண்டோஸ், லினக்ஸ், மாக்,
எந்தத் தரையிலும் ஒரே மாதிரி ஓடுமாம்.
எழுதியவர்கள் எங்கள் வாய்க்காலைக் கண்டதில்லை.
கடல் வாயில் மணலைப் போட்டு அடைத்தால்
பச்சையாய் நிற்கும்.
மழை பிடித்தால் வந்த வழியே திரும்பி
ஒழுங்கைக்குள் ஏறும்.

ஓடையிடம் கேட்கிறேன்:
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு பைட் தா.
தருகிறது. எண்ணித்தான் தருகிறது.
எழுத்து அதற்குத் தெரியாது.
தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்.
நாலாயிரத்துத் தொண்ணூற்றாறை மூன்றால் பிரி,
ஒன்று மிஞ்சும்.
இடையில் ஒரு வெளி, ஒரு காற்புள்ளி விழுந்தால்
இரண்டும் மிஞ்சும், சிலவேளை ஒன்றும் மிஞ்சாது.
அன்றைக்கு வெட்டு விழுந்தது
கொன்ஸ்ரன்ரைனின் கொம்பில்.

இதில் ஒரு வினோதம்.
ஓடையில் க முன்னே வரும்.
கொம்பும் காலும் ஒரே குறியாய்ப் பின்னே வரும்,
வந்து, க-வின் இரண்டு பக்கமும் ஏறி நிற்கும்.
பின்னால் வருவதைப் பார்க்காமல்
முன்னால் வந்ததை அச்சடிக்கக் கூடாது.
இதை அந்த மனுசனின் பேனையிடம் சொன்னால் சிரிக்கும்.

இசுரு கதிரையை உருட்டிக்கொண்டு வந்தான்.
"எங்கட ஆக்களுக்கும் உடையுதா?"
தேடினோம்.
நூற்றி நாற்பதாவது பக்கத்தில் ஒரு குசுமாவதி,
முதலெழுத்து வைரமாகி.
அவனுக்கும் மூன்று. எனக்கும் மூன்று.
ஆங்கிலத்துக்கு ஒன்று.
அவன் ஒன்றும் சொல்லவில்லை,
பிளேன்டீ போடப் போனான்.

வாசித்ததை ஓடைக்கே திருப்பிக் கொடுக்க
அந்த வகுப்பில் ஒரு கட்டளை உண்டு.
குறையாய் நின்றதைத் திரும்பப் போடு.
அடுத்த வாளியில் மற்றதோடு சேர்ந்து வரட்டும்.
நாலு வரி.
நாலு வரிக்கு ஆறு மணித்தியாலம்,
நடுவில் ஒருமுறை கரண்ட் போய்,
தாங்ககத்தில் கிடந்தது வட்டில் இறங்காமலே அழிந்து,
திரும்ப முதலில் இருந்து.

அறுநூற்றுப் பன்னிரண்டு நோயாளரும் ஓடி முடிந்தார்கள்.
கடைசியாய்க் கேட்டது நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு,
கிடைத்தது முந்நூற்றேழு.
முடிந்ததா என்று கேட்டேன். இல்லை என்றது.
இன்னும் ஒரு தரம் கை நீட்டினேன்.
பூச்சியம் வந்தது.
அதற்குப் பிறகுதான் ஒத்துக்கொண்டது.

காலி வீதிக்கு இறங்க ஒன்பதரை.
கடைசி நூறு போய்விட்டதா என்று
நின்று பார்த்தால்தான் தெரியும்.
நின்றேன்.
ரெயில் ஒன்று கடல்பக்கமாய்ப் போனது.
பஸ் வந்தது.
பலகையில் மூன்று மொழி, நடுவில் எங்களுடையது,
கால் உரிந்துபோய்:
புறக்கேட்டை.

ஏறினேன்.